நிலவில் மாட்டிக்கொண்ட ஐந்து பேர்: குழுவாக யோசிப்பதில் லாபம் எங்கே, நஷ்டம் எங்கே?

வகுப்பில் "குழுவாகச் சேர்ந்து செய்யுங்கள்" என்று ஒரு அசைன்மென்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் செய்வார். இரண்டு பேர் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்கள். மீதிப் பேர் முதல் பக்கத்தில் தங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மதிப்பெண் மட்டும் எல்லோருக்கும் ஒன்றே. இதைச் செய்து முடித்துவிட்டு "குழுவாக வேலை செய்வதன் நன்மைகள்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் பொய்தான் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனித்தனியாகச் செய்திருந்தால் யார் எப்படிச் செய்திருப்பார்கள் என்ற கணக்கு கையில் இல்லாதபோது, குழுவால் என்ன கூடியது, என்ன குறைந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

அந்தக் கணக்கைக் கையில் எடுத்துக் கொடுக்கும் ஒரு வகுப்பறைப் பயிற்சி இருக்கிறது. ஜே ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளர், குழுக்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று பார்ப்பதற்காக உருவாக்கியது. 1970களின் தொடக்கத்திலிருந்து கல்லூரிகளிலும் நிறுவனப் பயிற்சிகளிலும் பரவி, இன்று வரை ஓடிக்கொண்டிருக்கிறது. "நாசா பயிற்சி" என்றோ "நிலவில் தொலைந்தவர்கள்" என்றோ கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு தாள், ஒரு பேனா, ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

கதை இதுதான். நீங்கள் ஒரு விண்கலக் குழுவில் இருக்கிறீர்கள். நிலவின் வெளிச்சப் பக்கத்தில் தாய்க்கலம் காத்திருக்கிறது. இயந்திரக் கோளாறு, உங்கள் கலம் 200 மைல், அதாவது சுமார் 320 கிலோமீட்டர் தள்ளி மோதி இறங்கிவிட்டது. உயிர் பிழைக்க வேண்டுமானால் தாய்க்கலம் வரை போய்ச் சேர வேண்டும். கலத்தில் இருந்தவற்றில் 15 பொருட்கள்தான் உடையாமல் மிஞ்சியிருக்கின்றன: தீப்பெட்டி, செறிவூட்டிய உணவு, 50 அடி நைலான் கயிறு, பாராசூட் துணி, எடுத்துச் செல்லக்கூடிய ஹீட்டர், இரண்டு கைத்துப்பாக்கிகள், ஒரு பெட்டி பால் பவுடர், இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்கள், நட்சத்திர வரைபடம், தானே காற்று நிரப்பிக்கொள்ளும் ரப்பர் படகு, காந்தத் திசைகாட்டி, 5 கேலன் தண்ணீர், அபாய அறிவிப்புக்கான சிக்னல் வெடிகள், ஊசி மருந்துகளுடன் முதலுதவிப் பெட்டி, சூரிய சக்தியில் இயங்கும், கேட்கவும் பேசவும் முடிகிற எஃப்.எம். ரேடியோ. எது மிக அவசியமோ அதற்கு 1, எது எதற்கும் உதவாதோ அதற்கு 15 என்று வரிசை போட வேண்டும்.

முதலில் ஒவ்வொருவரும் தனியாக, வாயைத் திறக்காமல், தங்கள் தாளில் எண் போடுகிறார்கள். பிறகு ஐந்து ஐந்து பேராக உட்கார்ந்து, குழு முழுவதற்கும் ஒரே ஒரு வரிசையை முடிவு செய்கிறார்கள். தனித்தாளில் அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. கடைசியில் நாசா தரப்பு வல்லுநர்கள் போட்ட வரிசை வாசிக்கப்படும். ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் போட்ட எண்ணுக்கும் அவர்கள் போட்ட எண்ணுக்கும் எத்தனை வித்தியாசம் என்று பார்த்து, கூட்டலா கழித்தலா என்று பார்க்காமல் பதினைந்தையும் கூட்டினால் அதுதான் உங்கள் பிழை எண். குறைவாக இருந்தால் நல்லது. எல்லாம் சரியென்றால் 0. தலைகீழாகப் போட்டிருந்தால் 112. கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டாலும் சராசரியாக 75 பக்கம் வரும்.

வகுப்பில் நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1 முதல் 15 வரை ஒவ்வொரு எண்ணையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தியிருந்தால், இந்த மொத்தம் எப்போதும் இரட்டைப்படையாகத்தான் வரும். ஒற்றைப்படை வந்தால் யாரோ கழித்தலில் தடுமாறியிருக்கிறார்கள், அல்லது ஒரே எண்ணை இரண்டு பொருளுக்குப் போட்டிருக்கிறார்கள். தாளை வாங்கிப் பார்க்காமலேயே "திரும்பக் கூட்டு" என்று சொல்லலாம். மாணவர்கள் அசந்துபோவார்கள்.

விடை தெரிய வேண்டாம், நானும் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம்.

விடையில் எங்கே சறுக்குகிறோம்

முதல் இரண்டு இடங்களில் பெரிய சண்டை இருக்காது. ஆக்சிஜன் 1, தண்ணீர் 2. மூன்றாவது நட்சத்திர வரைபடம். நிலவிலிருந்து பார்த்தாலும் நட்சத்திரக் கூட்டங்கள் பூமியில் தெரியும் அதே வடிவில்தான் தெரியும். வழி கண்டுபிடிக்க அதைவிட நம்பகமானது கையில் எதுவும் இல்லை. 4 உணவு, 5 ரேடியோ, 6 கயிறு, 7 முதலுதவிப் பெட்டி, 8 வெயிலை மறைக்கப் பாராசூட் துணி. ஒன்பதாவது ரப்பர் படகு என்றதும் வகுப்பு சிரிக்கும். படகை ஊத வைக்கும் கார்பன் டை ஆக்சைடு பாட்டிலுக்காகத்தான் அந்த இடம். அந்த வாயுவைப் பீய்ச்சினால் எதிர்ப்பக்கம் உந்தித் தள்ளும். 10 சிக்னல் வெடிகள். துப்பாக்கி 11, அதுவும் அதே உந்து வேலைக்காக. 12 பால் பவுடர். உணவு ஏற்கெனவே இருக்கிறது, இது இடத்தை அடைக்கும். 13 ஹீட்டர், வெளிச்சப் பக்கத்தில் பகலில் நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூட்டில் ஹீட்டர் எதற்கு?

கடைசி இரண்டு இடங்களில்தான் விளையாட்டே இருக்கிறது. 14 திசைகாட்டி, 15 தீப்பெட்டி. நிலவுக்குப் பூமியைப் போல முழுக்க விரவிய காந்தப்புலம் கிடையாது, முள் எங்கே காட்டும் என்று சொல்ல முடியாது. காற்று இல்லாத இடத்தில் தீக்குச்சியை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவுமில்லை. இரண்டுமே பூமியில் காட்டுவழி போகிறவன் முதலில் தேடும் பொருட்கள். அந்தப் பழக்கம்தான் எல்லோரையும் ஒரே திசையில் தவறவைக்கிறது. இந்த "எல்லோரும் ஒரே திசையில்" என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் தேவைப்படும்.

வல்லுநர் வரிசையும் வேதவாக்கு அல்ல. நிலவின் மேல் நிற்கும் ஒருவருக்குத் தொடுவானம் இரண்டரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்; எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது. 320 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கலத்தோடு பேச அந்த ரேடியோ என்ன உதவும் என்று இயற்பியல் படித்த பிள்ளை யாராவது கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனாலும் பயிற்சிக்கு அது பெரிய குறை இல்லை. எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கிறோம், அவ்வளவுதான்.

மூன்று எண்கள்

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு குழுவில் ஐந்து பேரின் தனிப் பிழை எண்கள் 52, 48, 44, 60, 30 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 46.8. பேசி முடிவெடுத்த பிறகு குழுவின் பிழை எண் 40.

பயிற்சி நடத்துபவர்களில் பெரும்பாலானோர் இந்த இடத்தில் கைதட்டச் சொல்வார்கள். "பார்த்தீர்களா? தனியாக 46.8, சேர்ந்து 40. இதுதான் டீம் ஒர்க்!" எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்த ஐந்து பேரில் 30 வாங்கிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். குழு ஒன்றுமே பேசாமல் அவர் தாளை அப்படியே பார்த்து எழுதியிருந்தால் 30 கிடைத்திருக்கும். பேசிப் பேசி அதை 40 ஆக்கியிருக்கிறார்கள். அரை மணி நேரம் கூடிப் பேசி, கையில் இருந்ததில் பத்தைத் தொலைத்த குழுவுக்கா கைதட்டல்?

ஆகவே பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. குழுவின் சராசரி, குழுவில் சிறந்தவர் எடுத்தது, குழு சேர்ந்து எடுத்தது. மூன்றாவது எண் முதலாவதை வெல்வது சாதாரணம். இரண்டாவதை வென்றால்தான் குழுவாக உட்கார்ந்ததற்கு அர்த்தம் இருக்கிறது. 46, 50, 38, 54, 42 என்று இருந்த ஒரு குழு 32 எடுத்தால், அங்கே யார் தலையிலும் தனியாக இல்லாத ஒரு விடை பேச்சில் பிறந்திருக்கிறது. அது கைதட்ட வேண்டிய இடம்.

சராசரியை வெல்வது ஏன் பெரிய விஷயம் இல்லை என்று கேட்டால், அதற்குப் பேச்சே தேவையில்லை என்பதுதான் காரணம். நட்சத்திர வரைபடத்துக்கு ஐந்து பேர் 1, 5, 9, 2, 3 என்று போட்டிருக்கிறார்கள் என்போம். சரியான எண் 3. தனித்தனிப் பிழைகள் 2, 2, 6, 1, 0. சராசரிப் பிழை 2.2. இந்த ஐந்து எண்களையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 4 வருகிறது. பிழை 1 தான். யாரும் யாரோடும் பேசவில்லை, ஆனால் பிழை பாதிக்கும் கீழே போய்விட்டது. ஒருவர் மேலே தவறினார், இன்னொருவர் கீழே தவறினார், இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. எதிரெதிர்ப் பிழைகளைக் கழிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

இதே வேலையைத் திசைகாட்டியில் செய்து பாருங்கள். ஐந்து பேர் போட்டது 3, 5, 4, 13, 6. சரியான எண் 14. சராசரி 6.2, பிழை 7.8. தனித்தனிப் பிழைகளின் சராசரியும் அதே 7.8 தான். ஒரு பைசா லாபமில்லை, ஏனென்றால் எல்லோரும் ஒரே பக்கம் தவறியிருக்கிறார்கள். கால்குலேட்டர் கைவிரிக்கும் இந்த இடத்தில்தான் குழு வேண்டும், பேச்சு வேண்டும். ஏனென்றால் 13 போட்ட அந்த ஒருவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

"உறுதியா தெரியுமா?"

அந்த 13 என்ன ஆகிறது என்று பார்ப்போம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"திசைகாட்டிக்கு 3 போடலாமா?"

"ஆமா, திசை தெரியாம முந்நூறு கிலோமீட்டர் எப்படிப் போறது?"

"இல்ல, நிலாவுல காந்தப்புலம் இருக்காதுன்னு எங்கேயோ படிச்ச மாதிரி ஞாபகம். அதனால நான் 13 போட்டிருக்கேன்."

"உறுதியா தெரியுமா?"

"உறுதியான்னா... இல்ல. படிச்ச ஞாபகம்."

"அப்ப எதுக்கு வம்பு? நாலு பேரும் மேலதான் போட்டிருக்கோம். சரி, 4 போட்டுக்கலாம். அடுத்து?"

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. சிரித்த முகத்தோடுதான் முடிந்தது. ஆனால் "உறுதியா தெரியுமா?" என்ற கேள்வி ஐந்து பேரில் ஒருவரிடம் மட்டும் கேட்கப்பட்டது. 3 போட்டவரிடம், "நிலவில் காந்த முள் வேலை செய்யும் என்று உனக்கு உறுதியாகத் தெரியுமா?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் தெரியாது. பெரும்பான்மையில் நிற்பவரிடம் ஆதாரம் கேட்கப்படுவதில்லை. தனியாக நிற்பவர் மட்டும் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படுகிறார். இந்தப் பயிற்சியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிள்ளை பிழைக்கும், சரி. குழு பிழைக்குமா என்பது வேறு கேள்வி. யார் குரல் உரக்கக் கேட்கிறதோ, யார் கையில் பேனா இருக்கிறதோ, அவர்கள் பக்கம் வரிசை சாய்கிறது. பேனாவைப் பிடித்திருப்பவர் எழுதுவதற்கு முன்பு ஒரு நொடி தயங்கினால் அந்த எண் திரும்ப விவாதத்துக்கு வரும். தயங்காமல் எழுதிவிட்டால் முடிந்தது கதை. எழுதியதை அடிக்கச் சொல்ல ஐந்தாவது ஆளுக்குக் கூச்சம். நம் கல்லூரிகளில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். குழு பேச்சை ஆங்கிலத்தில் ஆரம்பித்தால், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் இயற்பியலை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்த பிள்ளை அந்த நிமிடமே பாதி வெளியே போய்விடுகிறது. காந்தப்புலம் பற்றித் தெரிந்ததே அதற்கு மட்டும்தான் என்றாலும்.

சண்டையைத் தவிர்க்க எடுக்கும் குறுக்கு வழிகள்

குழுக்கள் கருத்து வேறுபாடு வந்ததும் பதற்றமாகிவிடுகின்றன. அந்தப் பதற்றத்திலிருந்து தப்பிக்கத்தான் கை தூக்கச் சொல்வது, சீட்டுக் குலுக்குவது, "நீ 3 சொல்ற, அவன் 9 சொல்றான், நடுவுல 6 போட்டுக்குவோம்" என்று கத்தரிக்காய் பேரம் பேசுவது எல்லாம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். 6 என்பது அந்தக் குழுவில் யாருமே நம்பாத எண். 3 சொன்னவருக்கு ஒரு காரணம் இருந்தது, 9 சொன்னவருக்கு ஒரு காரணம் இருந்தது, 6க்கு எந்தக் காரணமும் இல்லை. சமாதானம் மட்டும்தான் இருக்கிறது.

இன்னொரு பேரமும் உண்டு, அது இன்னும் நுட்பமானது. "கயிறு விஷயத்துல நீங்க விட்டுக்கொடுத்தீங்க, சரி, ரேடியோவுல உங்க எண்ணையே போட்டுக்கலாம்." கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! கயிற்றுக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றில் விட்டுக்கொடுத்ததால் இன்னொன்றில் அவர் சொல்வது சரியாகிவிடுமா?

ஜே ஹால் இதையெல்லாம் கவனித்துத்தான் குழுக்களுக்குச் சில எளிய விதிகளை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார். உன் கருத்துக்காக முட்டி மோதாதே, காரணத்தை எடுத்து வை, மற்றவர் சொல்வதைக் கேள். பேச்சு முட்டி நின்றால் ஒருவர் ஜெயிக்க வேண்டும், இன்னொருவர் தோற்க வேண்டும் என்று நினைக்காதே. எல்லோராலும் ஏற்க முடிகிற அடுத்த வழியைத் தேடு. சண்டை வேண்டாம் என்பதற்காக மட்டும் மனம் மாறாதே. ரொம்பச் சீக்கிரம் எல்லோரும் தலையாட்டினால் சந்தேகப்படு, ஏன் என்று விசாரி. வாக்கெடுப்பு, சராசரி, பேரம் மூன்றும் வேண்டாம். வேறுபாடு வருவது இயல்பு. அது இருந்தால்தான் அதிகத் தகவல் வெளியே வரும். 1970இல் அவர் இன்னோர் ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இந்த விதிகள் சொல்லிக்கொடுக்கப்பட்ட குழுக்கள், சொல்லப்படாத குழுக்களைவிட மேலாகச் செய்தன. தங்கள் சிறந்த ஆளைத் தாண்டிய குழுக்களும் இவற்றில்தான் அதிகம்.

இந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது "சீக்கிரம் சம்மதம் வந்தால் சந்தேகப்படு" என்பது. நம் பழக்கத்துக்கு நேர் எதிரானது. ஒற்றுமையாக இருந்தார்கள், ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள் என்று பாராட்டித்தான் நமக்குப் பழக்கம். ஐந்து நிமிடத்தில் முடித்த குழு பெரும்பாலும் ஒருவர் போட்ட வரிசைக்கு நான்கு பேர் ஆமாம் சாமி போட்டதாக இருக்கும். அந்த ஒருவர் 30 எடுத்தவரா 60 எடுத்தவரா என்பது அதிர்ஷ்டம்.

இது வகுப்பறைக்கு மட்டும் உரிய விசித்திரம் அல்ல

குழு கையில் வைத்திருக்கும் திறமைக்கும் அது உண்மையில் கொண்டுவரும் விளைவுக்கும் நடுவே ஓர் ஓட்டை இருக்கிறது என்பதை ஐவன் ஸ்டெய்னர் என்ற உளவியலாளர் 1972இல் ஒரு சிறிய சமன்பாடாகவே எழுதினார். உண்மையில் கிடைப்பது என்பது கிடைத்திருக்கக்கூடியதிலிருந்து, சேர்ந்து செய்யும் விதத்தில் ஏற்படும் இழப்பைக் கழித்தது. மேலே நாம் பார்த்த குழுவில் அந்த இழப்புக்குக் குறைந்தபட்ச மதிப்பு உண்டு: பத்து.

இந்த ஓட்டையை முதலில் அளந்தவர்களில் ஒருவர் மாக்ஸ் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர். ஆட்களை வரிசையாக நிறுத்திக் கயிறு இழுக்கவைத்து, எவ்வளவு விசை வருகிறது என்று அளந்தார். 1913இல் அந்த முடிவுகள் அச்சாயின. ஒருவர் தனியாக இழுப்பது முழு அளவு என்றால், இரண்டு பேர் சேர்ந்தபோது ஒரு தலைக்கு 93 சதவீதம், மூன்று பேரில் 85, எட்டுப் பேர் சேர்ந்தபோது 49 சதவீதம். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நடப்பவர்களை நாம் பார்த்ததில்லையா? ஆனால் முழுப் பழியையும் சோம்பல் மேல் போட முடியாது. எட்டுப் பேர் ஒரே நொடியில் ஒரே கோணத்தில் இழுப்பதும் கஷ்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்க 1970களில் ஒரு தந்திரம் செய்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்து, உண்மையில் ஒருவரை மட்டும் இழுக்கவிட்டார்கள். பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்பே அவர் பலத்தைக் குறைத்தது.

நிலவுப் பயிற்சியில் நடப்பது சோம்பல் அல்ல, தகவல் வெளியே வராமல் போவது. அதற்கு இன்னொரு சோதனை துல்லியமாகப் பொருந்தும். 1985இல் கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் இருவரும் மாணவர் தலைவர் பதவிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்களின் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். வேட்பாளர்களைப் பற்றிய எல்லாத் தகவலும் எல்லோரிடமும் இருந்தபோது, பெரும்பாலான குழுக்கள் தகுதியானவரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தன. பிறகு அவருடைய நல்ல அம்சங்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். யார் கையில் இருந்த தாளைப் பார்த்தாலும் இன்னொருவர்தான் சிறந்தவர் போலத் தெரியும்; எல்லோரும் தங்களிடம் இருப்பதைச் சொல்லி ஒன்றாக வைத்தால்தான் உண்மை தெரியும். பெரும்பாலான குழுக்கள் ஒன்றாக வைக்கவே இல்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன.

எல்லோருக்கும் தெரிந்ததைப் பேசுவது சுகமாக இருக்கும். நீங்கள் சொல்வீர்கள், நான் தலையாட்டுவேன், இருவருக்கும் நாம் புத்திசாலிகள் என்று தோன்றும். எனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள், "உறுதியா தெரியுமா?" என்பார்கள். எதற்கு அந்த வம்பு?

குழுவில் அறிவாளிகளை நிரப்பிவிட்டால் பிரச்சினை தீருமா? 2010இல் 'சயன்ஸ்' இதழில் அனிதா வூலியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு அப்படி நம்ப இடம் கொடுக்கவில்லை. 699 பேரை இரண்டு முதல் ஐந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்துப் பலவிதமான வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். உறுப்பினர்களின் சராசரி அறிவுத்திறனோ, மிகக் கெட்டிக்காரரின் அறிவுத்திறனோ குழுவின் வெற்றியோடு வலுவாகப் பொருந்தவில்லை. அதைவிட நன்றாகப் பொருந்தியவை, அடுத்தவர் முகத்தைப் பார்த்து மனநிலையை உணரும் திறனும், பேச்சு ஒருவர் இருவரிடம் தேங்காமல் எல்லோரிடமும் சுற்றி வருவதும். இந்த முடிவு எல்லா இடத்திலும் அப்படியே பொருந்துமா என்று பின்னால் வாதங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் திசைகாட்டிப் பேச்சைப் பக்கத்தில் இருந்து பார்த்த எவருக்கும் அந்த இரண்டாவது விஷயம் புதிதாக இருக்காது.

நடத்திப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு

ஒரு வகுப்பில் செய்வதானால் தனி வேலைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், குழுப் பேச்சுக்கு அரை மணி, மீதி நேரம் கணக்குக்கும் பேச்சுக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். தனித்தாளைப் பென்சிலில் எழுதவிடாதீர்கள். குழு ஆரம்பித்ததும் அழித்து எழுதிவிட்டால் மொத்தக் கணக்கும் பாழ். கைபேசிகளை ஓர் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள்; விடை இணையத்தில் எல்லா இடத்திலும் கிடக்கிறது.

பாதிக் குழுக்களுக்கு ஹால் சொன்ன விதிகளை ஒரு துண்டுத் தாளில் கொடுத்து, மீதிக் குழுக்களுக்கு எதுவும் சொல்லாமல் விட்டால் வகுப்பே ஒரு சிறிய ஆய்வாகிவிடும். ஏழெட்டுக் குழுக்களை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், புள்ளியியல் பாடத்துக்கும் ஒரு பிடி கிடைக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் பேசாமல் கவனிக்க மட்டும் ஒரு மாணவரை உட்காரவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. யார் எத்தனை முறை பேசினார், யார் சொன்னது கேட்கப்படாமல் போயிற்று, எந்தப் பொருளுக்கு வாக்கெடுப்பு நடந்தது என்று அவர் குறித்தால் போதும். பின்னால் அந்தக் குறிப்பையும் பிழை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கரும்பலகையில் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று எண்களையும் எழுதுங்கள். சிறந்தவரின் எண்ணை எழுதும்போது பெயர் வேண்டாம். குழுவுக்குள் எப்படியும் தெரிந்துவிடும். மோசமான எண் எடுத்தவரை எந்தக் காரணத்துக்காகவும் எழுந்து நிற்கவைக்காதீர்கள், அடுத்த முறை அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். பிறகு எல்லாக் குழுக்களிடமும் ஒரே கேள்வி: எந்தப் பொருளில் உங்களில் ஒருவர் சரியாகப் போட்டிருந்தும் குழு தவறாகப் போட்டது? தனித்தாள்களையும் குழுத்தாளையும் ஒப்பிட்டு அவர்களே கண்டுபிடிக்கட்டும். கண்டுபிடித்த பிறகு, அந்த நேரத்தில் என்ன பேசிக்கொண்டோம் என்று அவர்களே ஞாபகப்படுத்திச் சொல்லட்டும். நீங்கள் விளக்கம் கொடுக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது.

நிலவுக் கதை பழசாகிவிட்டது, பாதிப் பேருக்கு விடை தெரியும் என்றால் சொந்தமாக ஒன்றைத் தயாரிக்கலாம். வெள்ளத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட குடும்பம், காட்டுவழியில் நின்றுபோன பேருந்து என்று எதுவும் ஆகும். இரண்டு விஷயம் மட்டும் கட்டாயம். விடை வரிசையை நீங்களே போடக் கூடாது. தீயணைப்புத் துறையிலோ வனத்துறையிலோ அந்த வேலையைச் செய்பவர் ஒருவரிடம் காரணத்தோடு எழுதி வாங்க வேண்டும். அப்புறம், பட்டியலில் திசைகாட்டியைப் போல இரண்டு மூன்று பொருட்களாவது இருக்க வேண்டும்: பெரும்பாலோர் ஒரே பக்கம் தவறும், ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடிய பொருட்கள். அவை இல்லாத பட்டியலுக்குக் குழுவைக் கூட்ட வேண்டிய தேவை இல்லை, கால்குலேட்டரே செய்துவிடும்.